இலை கொடுத்து அம்பு வாங்கப் போனது

முதலாம் நாள் - கல்லடி

கொழும்புக் கோட்டையில் விடியக்காலை ஏறிய உதயதேவி ரயில் பிற்பகலில் மட்டக்களப்பில் இறக்கிவிட்டது. வெலிக்கந்தை வரை நல்ல தூக்கம். அதனால் ரயிலைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. வடை சுமார்.

வந்த காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் அலுவலகத்தோடு வேலை செய்யும் இங்கிலாந்துக்காரர் ஒருவரைக் கணினித் திரையில் மட்டும்தான் பார்த்திருக்கிறேன். பெயர் பிளெட்சர். ஒருநாள் கூட்டம் தொடங்க மற்றவர்கள் பிந்தியபோது, பெயருக்கு என்ன அர்த்தம் என்று சும்மா கேட்டு வைத்தேன். பிரெஞ்சில் 'பிளெஷ்' என்றால் அம்பு, அம்பு செய்கிறவன் பிளெட்சர் என்றார். "பரம்பரையில் எவரோ செய்திருக்கிறார், நான் இதுவரை ஒரு அம்பைத் தொட்டதுகூட இல்லை" என்று சிரித்தார். அப்புறம் என் பெயருக்கு வந்தார். என் கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் இருப்பது அப்பாவின் பெயர். அப்பாவின் கடவுச்சீட்டில் அவருடைய அப்பாவின் பெயர். இதைச் சொன்னதும் அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. தலைமுறைக்கு ஒரு குடும்பம் தொடங்கி அதிலேயே முடிந்துவிடுகிறது என்று நினைத்திருப்பார்.

அன்றிரவு உட்கார்ந்து வாசித்தேன். அவர்கள் ஊரில் வில் செய்தவர் போவ்யர், நாண் முறுக்கியவர் ஸ்டிரிங்கர், அம்பு முனை அடித்த கொல்லர் அரோஸ்மித், கோலைச் சீவி இறகு ஒட்டி முடித்தவர் பிளெட்சர். ஒரு அம்பை எய்து முடிப்பதற்குள் நாலு குடும்பங்களுக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். 1371இல் லண்டனில் அம்புக்காரர்கள் வில்காரர்களிடமிருந்து பிரிந்து தனிச் சங்கமானார்கள். ஒரே ஆள் இரண்டு வேலையும் செய்யக்கூடாது என்பது ஏற்பாடு. அரசர் ஐந்தாம் ஹென்றி ஒவ்வொரு வாத்திடமிருந்தும் ஆறு இறகு பிடுங்கி அனுப்பச் சொல்லி மாவட்டம் மாவட்டமாக ஆணை போட்டிருக்கிறார். 1545இல் மூழ்கிய மேரி ரோஸ் என்ற போர்க்கப்பலை 1982இல் தூக்கினார்கள். அதிலிருந்து கிடைத்த அம்புகள் மட்டும் 3,500 அளவில்.

வில்லும் அம்பும் நமக்கு மட்டும் குறைவா? இராமன் கையில் வில், அருச்சுனன் கையில் வில், சேரன் கொடியில் வில். அம்பு, கணை, பகழி, வாளி, சரம் என்று சொல்லுக்கும் பஞ்சம் இல்லை. ஆனால் அதைச் செய்தவன் பெயர் எங்கே? அம்மாவின் ஊர் கிழக்கு. வேடர்கள் இருக்கிற பக்கம், பழைய பட்டங்களை இன்னும் கழற்றாத பக்கம். ஆறு நாள் லீவு போட்டுக் கிளம்பிவிட்டேன்.

மாமிக்குக் காரணம் விளங்கவில்லை. "அம்பு பார்க்கவா மனே வந்த நீ? நான் கலியாணப் பேச்சு எண்டல்லவா நினைச்சன்." எனக்கு நாற்பத்து நாலு வயது, இரண்டு பிள்ளைகள். யாருடைய கலியாணத்தை நினைத்தாரோ தெரியாது.

மச்சான் கணக்கு வாத்தியார். பள்ளிக்கூட விடுமுறை. மோட்டார் சைக்கிளுக்கு எண்ணெய் நான் அடிப்பதென்று ஒப்பந்தம்.

இரண்டாம் நாள் - ஏறாவூர், வாகரை

ஏறாவூரில் தேநீர் குடிக்க நிறுத்தினோம். கடைக்காரக் காக்காவிடம் (முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே அப்படித்தான் கூப்பிடுவது) மச்சான் பேச்சோடு பேச்சாகப் 'பணிக்கர்' என்ற சொல்லைப் போட்டான். அவ்வளவுதான், காக்கா கல்லாவை விட்டு எழுந்து வந்துவிட்டார்.

ஏறாவூர்ப் பணிக்கர்கள் யானை பிடிகாரர்கள். கூட்டம் சேர்த்து, வேலி கட்டி, மேளம் அடித்துப் பிடிக்கிறவர்கள் இல்லை. தோலில் முறுக்கிய வாரை எடுத்துக்கொண்டு காட்டுக்குள் கால்நடையாகப் போய், யானையின் பின்னங்காலில் சுருக்கு மாட்டி, மறுமுனையை மரத்தில் சுற்றுகிறவர்கள். சொல்லும்போதே காக்காவின் கை தானாகச் சுருக்குப் போட்டது. "எங்கட மூத்தவாப்பா காத்து எந்தப் பக்கம் எண்டு பார்க்காம வீட்டு வாசல்லயும் இறங்கமாட்டார்" என்றார். மூத்தவாப்பாவின் பெயருக்குப் பின்னால் பணிக்கர் இருந்தது. வாப்பாவின் பெயருக்குப் பின்னால் இல்லை. "யானை இல்லாத பணிக்கர் என்ன பணிக்கர்?" அவருடைய கடைப் பலகையில் வெறும் ஸ்டோர்ஸ்தான்.

பணி செய்கிறவன் பணிக்கன். பழைய அகராதிகளில் தச்சனும் பணிக்கன், யானையைப் பழக்குகிறவனும் பணிக்கன், சிலம்பம் சொல்லிக் கொடுக்கிறவனும் பணிக்கன். கையில் தேர்ச்சி உள்ளவன் என்பதுதான் அடியில் உள்ள கருத்து. அம்பு செய்தவனையும் யாராவது அப்படிக் கூப்பிட்டிருக்கலாம் என்று ஒரு சின்ன ஆசையோடு ஓட்டமாவடிப் பாலம் கடந்தேன்.

வாகரை மட்டக்களப்பிலிருந்து வடக்கே 60 கிலோமீட்டருக்கு மேல். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் களப்பு என்கிற கடற்கழி, நடுவில் வெயில். வாகரையிலிருந்து மூதூர்ப் பக்கம் வரைக்கும் கரையோரத்தில் இருக்கிற வேடர்கள் தமிழ் பேசுகிறவர்கள். மீன், தேன், காடு வெட்டிச் செய்கிற சேனைப் பயிர் என்று கலந்த பிழைப்பு. 2004 கடல்கோளும் போரும் இந்தக் கரையை எத்தனை தடவை எழுப்பி ஓட வைத்தன என்பதைப் பற்றி இங்கே எல்லோரிடமும் கதை இருக்கிறது. நான் கேட்கவில்லை, அவர்களாகவே சொன்னார்கள். அதை அம்புக் கதைக்கு நடுவே செருக மனமில்லை.

மச்சானின் பழைய மாணவன் ஒருவன் கூட்டிப்போய்விட்ட வீட்டில் ஒரு பெரியவர் வலை பொத்திக்கொண்டிருந்தார். எழுபது தாண்டியிருக்கும். அம்பு என்றதும் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அரசாங்க ஆளா?"

"இல்லை ஐயா. சும்மா தெரிஞ்சுகொள்ள."

"சும்மா தெரிஞ்சு என்னத்துக்கு?"

நியாயமான கேள்வி. பிளெட்சர் கதையை முழுக்கச் சொன்னேன். வாத்து இறகுக் கட்டத்தில் வலையைக் கீழே வைத்தார். "எங்களுக்கு மயில்" என்றார்.

கூரைச் செருகலிலிருந்து ஒரு கோலை உருவினார். தலை இல்லாத அம்பு. பேரப்பிள்ளைகளுக்குக் காட்டச் செய்ததாம், வேட்டைக்கு இல்லை, அதை இரண்டு தரம் அழுத்திச் சொன்னார். வினாங்குக் கம்பு. பச்சையாக வெட்டி, பட்டை சீவி, நிழலில் காயவிடவேண்டும். காயும்போது கோணும். கோணின இடத்தைத் தணலில் வாட்டி, சூட்டோடு பாதத்துக்கும் முழங்காலுக்கும் நடுவே வைத்து நிமிர்த்தவேண்டும். நிமிர்ந்ததா என்று பார்க்க ஒரு கண்ணை மூடிக் கோலின் வழியாகச் சூரியனைப் பார்க்காமல் அதற்குப் பக்கத்தில் பார்ப்பது எப்படி என்று காட்டினார். நான் பார்த்தேன், எனக்கு எல்லாம் நேராகவே தெரிந்தது. "மூணு இடத்துல கோணல் இருக்கு தம்பி" என்றார்.

இறகுக்கு மயில் தோகை உதவாது. சிறகில் உள்ள இறகுதான் வேண்டும், அதுவும் உதிர்ந்து கிடப்பதை எடுத்தது. நடுக்காம்போடு பிளந்து, கோலின் அடியில் வைத்து, நூலால் நெருக்கிச் சுற்றிப் பிசின் பூசவேண்டும். இதில் ஒரு சூட்சுமம். ஒரு அம்பில் வைக்கிற இறகெல்லாம் ஒரே பக்கத்துச் சிறகிலிருந்து வரவேண்டும். இடது என்றால் எல்லாம் இடது. இடது சிறகின் இறகு ஒரு பக்கம் வளையும், வலது சிறகின் இறகு மறுபக்கம் வளையும். கலந்து வைத்தால் ஒன்று சுழற்றப் பார்க்க மற்றது மறிக்கும். ஒரே பக்கமாக இருந்தால் அம்பு காற்றில் சுழன்றுகொண்டே போகும், சுழல்வது நேராகப் போகும். லண்டன் அம்புக்காரர்களும் இதையேதான் வாத்துச் சிறகில் செய்தார்கள். இரண்டு கூட்டத்துக்கும் இடையில் ஒரு கடிதப் போக்குவரத்தும் இருந்ததில்லை. பறவைகளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கிறார்கள்.

நாண் பொருந்துகிற குதையை அவர் கத்தி நுனியால் வெட்டியிருந்த துப்புரவைப் பார்த்துக்கொண்டே, எனக்கு வேண்டிய கேள்வியைக் கேட்டேன். "அம்பு செய்யிற ஆளை நீங்கள் என்ன சொல்லிக் கூப்பிடுவீங்க?"

அவருக்குக் கேள்வியே விளங்கவில்லை. மாணவன் வேறு விதமாகக் கேட்டுப் பார்த்தான். கடைசியில் சொன்னார்: "அம்பு வச்சிருக்கிறவன்தானே தம்பி செய்யிறவன்."

அதற்குள்ளே என் ஆறு நாள் தேடலுக்கு இரண்டாம் நாளே பதில் வந்துவிட்டது, லீவை என்ன செய்வது என்று யோசித்தேன். ஊரில் எல்லோரும் செய்கிற வேலைக்கு யாரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது? சோறு சமைக்கிற எல்லா வீட்டுக்காரரையும் சமையற்காரர் என்றா கூப்பிடுகிறோம்? ஆயிரக்கணக்கில் அம்பு கேட்கிற ஒரு அரசன், வேறு எதுவும் செய்யாமல் காலையிலிருந்து மாலை வரை இறகு ஒட்டுகிற ஒருவன், அவனிடம் காசு கொடுத்து வாங்குகிற ஆள், இந்த மூன்றும் சேர்ந்த இடத்தில்தான் பிளெட்சர் பிறந்திருக்கிறான்.

ஆனால் பெரியவர் முடிக்கவில்லை. "தலை மட்டும் எங்கட இல்ல. அது கொல்லன்ட. நீங்க தலை கொண்டாங்க, இந்தக் கோலை நான் தாறன்."

சரி, லீவுக்கு வேலை கிடைத்தது.

மூன்றாம் நாள் - படுவான்கரை

களப்புக்கு மேற்கே, பொழுது படுகிற பக்கம் படுவான்கரை. கிழக்கே எழுவான்கரை. முன்பு மண்முனையில் பாதையில் ஏறித்தான் அக்கரை போகவேண்டும். வெளியூர்க்காரருக்கு ஒரு வார்த்தை: இங்கே பாதை என்றால் மோட்டார் சைக்கிள், மாடு, மணமகள் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு தண்ணீரில் போகிற மிதவை. 2014இல் பாலம் வந்துவிட்டது. குருமண்வெளியில் இன்னும் பாதை ஓடுகிறது என்று மச்சான் சொன்னான்.

பாலம் தாண்டி வயலுக்கு நடுவே பின் டயர் காற்றுப் போனது. பஞ்சர் ஒட்டிய பையனிடம் கொல்லன் பட்டடை எங்கே என்று விசாரித்தோம். எதிர் ஒழுங்கையைக் காட்டினான். ஊர்ப் பெயரைச் சொல்லவில்லை, சொன்னால் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். அவருக்கு அது பிடிக்காது.

ஓலைக் கொட்டில். உலைக்குத் துருத்தி போய், மின்சாரத்தில் சுழலும் ஊதி வந்திருக்கிறது. மற்றதெல்லாம் பழையபடி. சம்மட்டி, குறடு, பட்டடைக்கல், ஓரத்தில் தண்ணீர்த் தொட்டி, அடுக்கி வைத்த லொறி ஸ்பிரிங் தட்டுகள். இந்தப் பக்கத்துக் கத்தி, கோடரி, மண்வெட்டி எல்லாம் ஒரு காலத்தில் ஏதோ ஒரு லொறியைத் தாங்கியவை.

இங்கே ரொபர்ட் நொக்ஸைப் பற்றிச் சொல்லவேண்டும். வாகரைக்கு வடக்கே கொட்டியாரக் குடாவில் 1660இல் பிடிபட்டு, கண்டி அரசனிடம் ஏறத்தாழ இருபது வருடம் கைதியாக இருந்து தப்பிய ஆங்கிலேயர். 1681இல் அவர் எழுதிய நூலில் வேடர் அம்பு வாங்கும் விதம் வருகிறது. அம்பு முனை வேண்டுமானால் வேடர்கள் இரவில் வந்து கொல்லனின் பட்டடையில் இறைச்சிச் சுமையைத் தொங்கவிடுவார்கள். பக்கத்தில், தங்களுக்கு வேண்டிய வடிவத்தில் வெட்டிய ஒரு இலை. கொல்லன் அந்த இலையைப் பார்த்து அடித்து அதே இடத்தில் மாட்டி வைக்கவேண்டும். அவர்கள் வந்து எடுத்துப் போவார்கள், இன்னும் இறைச்சி கொண்டுவருவார்கள். செய்யாவிட்டால்? ஓர் இரவு அம்பு அவனைத் தேடி வரும். இரண்டு தரப்பும் முகம் பார்ப்பதில்லை, ஒரு சொல் பேசுவதில்லை.

பேசாத இடத்தில் பெயர் எதற்கு? கொல்லன் வேடனுக்குக் கொல்லன்கூட இல்லை, அவன் ஒரு கூரை வளை. வேடன் கொல்லனுக்கு ஒரு இலை.

இதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டு, இறைச்சி இல்லாவிட்டாலும் இலையையாவது முறையாகக் கொடுப்போம் என்று, வழியில் ஒரு பூவரசம் இலையை ஆய்ந்து, சட்டைப்பையில் இருந்த சின்னக் கத்தரிக்கோலால் நீளவாக்கில் வெட்டி வைத்திருந்தேன். கொல்லரிடம் நீட்டினேன்.

அவர் இலையை வாங்கினார். திருப்பிப் பார்த்தார். மச்சானைப் பார்த்தார். "இவருக்கு ஏதும் சுகமில்லையா வாத்தி?"

மச்சான் நிலத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். நானே விளக்கினேன். கொல்லர் கேட்டுவிட்டு, "வாய் இருக்கிற ஆள் வாயாலயே கேக்கலாமே" என்றார். அதற்குப் பிறகு அக்கறையாகத்தான் பேசினார். அப்பா செய்ததில்லை, அப்பப்பா பன்றிக்கு ஈட்டி அடித்திருக்கிறார். அம்பு முனையில் கனம் கணக்கு. தலை கனத்தால்தான் முன்னால் விழும், ஆனால் கூடக் கனத்தால் தூரம் போகாது. கோலின் கனம் தெரியாமல் தலை அடிப்பது பொம்பிளை பார்க்காமல் தாலி செய்கிற மாதிரி என்றார். பெரியவரின் கோலை நான் நிறுத்துப் பார்க்கவில்லை. சுண்டுவிரல் தடிப்பு என்று விரலைக் காட்டினேன். "ஆற்ற விரல்?" என்று கேட்டார், யாருடைய விரலாம். நாளை மறுநாள் வரச் சொன்னார்.

திரும்பும்போது கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரர் கோவில். தேசத்துக்கோவில் என்பார்கள். இன்ன குடிக்கு இன்ன கடமை, இன்ன திருவிழா என்று பங்கு பிரித்து நடக்கிற கோவில். பொறுப்பாளரை இந்தப் பக்கக் கோவில்களில் வண்ணக்கர் என்று அழைக்கிறார்கள். வீதியில் ஒருவர் இன்னொருவரிடம் "வண்ணக்கர் வந்துட்டாரா?" என்று சாதாரணமாகக் கேட்டுக்கொண்டு போனார். எனக்கு மயிர் கூச்செறிந்தது. சங்கப் பாடல் பாடியவர்களில் வடம வண்ணக்கன் பேரிசாத்தனார் என்று ஒருவர் இருக்கிறார். வண்ணக்கன் என்றால் பொன்னின், காசின் மாற்றுப் பார்க்கிறவன். அந்தக் காலத்தில் தொழிலைப் பெயரோடு சுமந்த புலவர்கள் நிறையப்பேர். அறுவை வாணிகன் இளவேட்டனார் துணி விற்றவர். கூலவாணிகன் சாத்தனார் தானியம் விற்றவர். பொற்கொல்லன் வெண்ணாகனார், மருத்துவன் தாமோதரனார். பிளெட்சர்களுக்கும் ஸ்மித்களுக்கும் ஆயிரம் வருடம் முந்திய பெயர்ப்பட்டியல் இது. பிறகு நாம் அதை விட்டுவிட்டோம், அல்லது அது சாதிப் பெயராக இறுகி, சொல்லக் கூச்சப்படுகிற இடத்துக்குப் போய்விட்டது. இங்கிலாந்தில் ஸ்மித் என்று கையெழுத்துப் போட எவரும் கூசுவதில்லை. இந்த வேறுபாடு சின்னதில்லை.

அந்தப் பட்டியலில் வில்லோடு வருகிறவர் ஒருவர் உண்டு, வில்லக விரலினார். குறுந்தொகை 370. ஆனால் அவர் வில் செய்தவரில்லை. தலைவனைச் சேர்ந்திருப்பதை 'வில்லைப் பற்றிய விரல்கள் போல' என்று பாடினார், உவமையே பெயராகிவிட்டது. ஆளைத் தொழிலால் கூப்பிட்ட சமூகம்தான் உவமையாலும் கூப்பிட்டிருக்கிறது. பிளெட்சரிடம் இதைச் சொல்லவேண்டும்.

மாற்றுப் பார்த்தவன் பெயர் கோவில் நிர்வாகிக்கு எப்படி வந்தது? காணிக்கைக் காசு நல்லதா கள்ளதா என்று பார்க்கத் தெரிந்தவன் கையில்தான் பெட்டிச் சாவி போயிருக்கும். இது என் ஊகம்தான், மச்சான் ஒத்துக்கொள்ளவில்லை.

நான்காம் நாள் - பாண்டிருப்பு

கல்முனைக்குப் பக்கத்தில் பாண்டிருப்பு. அம்மாவின் சித்தி இருக்கிறார், எங்களுக்குப் பெத்தா. திரௌபதை அம்மன் கோவில் ஊர். பதினெட்டு நாள் திருவிழாவில் பாரதம் முழுக்க ஊருக்குள் நடக்கும். பாண்டவர் வனவாசம் போவார்கள், அருச்சுனன் தவநிலைக்குப் போவான், கடைசியில் தீமிதிப்பு. நான் போனது திருவிழாக் காலம் இல்லை. வெறும் மணல், இரண்டு ஆடு.

பெத்தாவிடம் நம் குடி என்ன என்று கேட்டேன். இந்தப் பக்கத்தில் குடி தாய்வழி. அம்மாவின் குடிதான் பிள்ளைகளுக்கு, அப்பாவின் குடி வராது. வயிற்றுவார் என்பார்கள். ஒரே குடிக்குள் கலியாணம் இல்லை. முஸ்லிம்களிடமும் இதே குடிமுறை உண்டு.

"காலிங்கா குடி" என்றார். "உன்ட அம்மாவும் அதுதான், நீயும் அதுதான்."

பெத்தப்பா?

"அவர் பணிக்கனா குடி."

மச்சான் என்னைப் பார்த்தான். மூன்று நாளாக ஊர் ஊராகத் தேடிய சொல், குசினிச் சுவருக்கு அந்தப்பக்கம் மாலை போட்ட படத்துக்குள் இருந்திருக்கிறது. ஆனால் எனக்கு வராது. அவருடைய சகோதரியின் பிள்ளைகளோடு போய்விட்டது. அப்பாவின் பெயர் கடவுச்சீட்டில் இருக்கிறது, அம்மாவின் குடி எந்தக் கடதாசியிலும் இல்லை, பெத்தப்பாவின் குடி என் கணக்கிலேயே இல்லை. பெத்தப்பா யானையைக் கண்டாரா? "யானையா? அவருக்கு மாட்டுக்கே பயம்" என்றார் பெத்தா. பெயருக்கும் ஆளுக்கும் உள்ள தூரத்தில் பிளெட்சரும் பெத்தப்பாவும் ஒன்றுதான்.

பின்னேரம் அயல்வீட்டுத் தச்சர் ஒருவரிடம் கூத்து வில் பார்த்தேன். வடமோடிக் கூத்துக்குச் செய்தது, தங்கத்தாள் ஒட்டி, சிவப்புப் பூச்சு. அம்பும் பலகை, எய்வதற்கு இல்லை, பிடித்து ஆடுவதற்கு. "அண்ணாவியார் சொன்ன அளவு" என்றார். அண்ணாவியார் என்பது கூத்துப் பழக்குகிறவர். போடியார் (பெரிய வயல்காரர்), பரியாரியார் (வைத்தியர்), வட்டவிதானையார் (வயல் நீர்ப் பொறுப்பாளர்) மாதிரி இதுவும் இங்கே பெயருக்கு முன்னாலோ பின்னாலோ ஒட்டிக்கொண்டு, கடைசியில் பெயரையே விழுங்கிவிடும். தச்சருக்கு அப்படி ஏதும் உண்டா? "என்ன ஆசாரி எண்டுவாங்க, பில்லில பெயர் போடுவாங்க."

இரவு மாமியின் தொலைபேசி. அம்பு கிடைத்ததா என்று. பாதி கிடைத்தது என்றேன்.

ஐந்தாம் நாள் - அம்பாறை

அம்பாறை என்பதை அம்பு, ஆறை என்று பிரிக்க மச்சானுக்கு ஆசை. நான் விடவில்லை. ஊர்ப் பெயரைக் கத்தியால் வெட்டி வேண்டிய துண்டை எடுக்கிற வேலை நமக்கு ஏற்கெனவே அதிகம்.

நகரத்தில் பெயர்ப்பலகை வாசித்துக்கொண்டு நடந்தேன். ஒரு சட்டத்தரணி லியனகே, எழுத்து வேலை செய்தவர் வழி. ஒரு மருந்துக்கடை ஹேவகே, போர்வீரன் வழி. தளபாடக் கடைக்காரர் வடுகே என்று இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும், தச்சன் வழி. ஆனால் வடுகே கைத்தொலைபேசி விற்றுக்கொண்டிருந்தார். சிங்களத்தில் இந்த 'கே' என்பது வீட்டைக் குறிக்கிற விகுதி, இன்னாரின் வீட்டார். வேடரின் தலைவர் வன்னிலா அத்தோவின் பெயருக்கு முன்னால் வருகிற ஊருவரிகே என்பதில் இருப்பது தொழில் இல்லை, குலம். வரிகே என்றால் குலம். வில்லும் அம்பும் தோளில் இருக்க, பெயரில் அது இல்லை. வாகரைப் பெரியவர் சொன்னது அங்கேயும் சரியாகத்தான் வருகிறது.

வேடரைப் பற்றி செலிக்மன் தம்பதியர் 1911இல் வெளியிட்ட ஆய்வில், சடங்கில் கையில் பிடித்து ஆடுகிற நீண்ட அலகு அம்பு ஒன்று வருகிறது. வேட்டைக்கு இல்லை. நேற்றுப் பார்த்த கூத்து அம்பு ஞாபகம் வந்தது.

அம்பாறையில் வேறு சொல்ல ஒன்றும் இல்லை. சரியான வெயில், நல்ல கிரிபத் என்கிற பால்சோறு.

இருட்டுகிற நேரம் பட்டடைக்குப் போனோம். தலை தயார். விரல் நீளத்தை விடக் கொஞ்சம் கூட, இரண்டு பக்கமும் அரம் பிடித்து, அடியில் கோலுக்குள் இறங்க ஒரு வால். என் பூவரசம் இலையை அவர் தூக்கி எறியவில்லை. சுருங்கிப் போய் ஆணியில் குத்தியிருந்தது. இலையை விட அலகு நேராக இருந்தது. "நீங்க வெட்டினது கோணல், நான் திருத்திட்டன்." எல்லோரும் என் கோணலைக் கண்டுபிடிக்கிறார்கள்.

காசு வாங்க யோசித்தார். பிறகு கொப்பியை எடுத்தார். கத்தி, கோடரி, மண்வெட்டி என்று நிரை நிரையாக இருந்தது. இதற்கு என்ன எழுதுவது என்று பேனாவை நிறுத்தி வைத்து, கடைசியில் எழுதினார்: இலை - 1.

ஆறாம் நாள் - மீண்டும் வாகரை

இரவு ரயில். பகலில் போய் வரலாம் என்று தனியாகப் பஸ் ஏறினேன். மச்சானுக்கு முதுகு வலி. அலகைப் பத்திரிகைத் தாளில் சுற்றி, அதன்மேல் சாரத் துண்டு கட்டிப் பையில் வைத்திருந்தேன். பையைத் தட்டில் வைக்கச் சொன்ன நடத்துனரிடம் முடியாது என்று சொல்ல, உள்ளே என்ன என்று கேட்டார். "இலை" என்று வாயில் வந்துவிட்டது. வெற்றிலை என்று நினைத்து ஒன்று கேட்டார்.

பெரியவர் வீட்டில் இல்லை. படலை சாத்தியிருந்தது. கூப்பிட்டுப் பார்த்தேன். பக்கத்து வளவில் ஒரு பிள்ளை தலையை நீட்டி, அப்பப்பா களப்புக்குப் போயிருக்கிறார், பொழுதுபட்டுத்தான் வருவார் என்றது. எனக்கு மூன்று மணிக்குப் பஸ்.

சந்திக் கடைக்குத் திரும்பி நடந்து, அரைக் கிலோ இறைச்சி கேட்டேன். இல்லை என்றார்கள். ஒரு கூறு வெற்றிலை, பாக்கு, இரண்டு பெட்டித் தீக்குச்சி வாங்கினேன். எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு, அலகை வெளியே தெரிகிற மாதிரிச் செருகி, நாய் எட்டாத உயரத்தில் இறவாணத்தில் கட்டினேன். துண்டு எழுதி வைக்கலாமா என்று பேனாவை எடுத்தேன். பிறகு பேனாவைப் பையிலேயே போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தேன்.